பத்துக்கு ஏழு வாங்கிய ரை விஸ்கி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று ஆண்கள் சேர்ந்து ஒரு மலிவு விஸ்கிக்கு மார்க் போட்டோம். அதைக் கேட்ட ஒரு பெண், டென்மார்க்கில் இருக்கும் தன் கணவனுக்குத் தன்னைக் கூப்பிட விருப்பமில்லை என்று முடிவுகட்டிவிட்டாள். மார்க் போட்டவர்களில் நானும் ஒருவன். அவளுடைய எண்ணத்தை மாற்ற முடியுமா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன். இலக்கியத்துக்காக எழுதுகிறேன் என்று கதை விடமாட்டேன்.

ஆரம்பத்தை நாலு தரம் எழுதிப் பார்த்தாயிற்று.

"1988 ஒக்டோபர். கிரின்ஸ்டெட்டின் வானம் அன்று..." (வானத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெட்டு.)

"கோணேசன் நல்லவன்..." (இப்படித் தொடங்கினால் வாசகருக்கு உடனே சந்தேகம் வரும். இதையும் வெட்டு.)

ஆகவே போத்தலிலிருந்தே தொடங்குகிறேன்.

2

லேபலில் ஒரு குதிரை வண்டி, பக்கத்தில் தாடி வைத்த கிழவர், கீழே வளைந்த எழுத்தில் 'முப்பாட்டன் காலத்து முறைப்படி' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அமெரிக்க ரை விஸ்கி. லேபலுக்கு நூறு வயது, உள்ளே இருந்ததற்கு நாலு வயதுதான். வைலே நகரில் ஒரு கடையில் விலை குறைத்துப் போட்டிருந்தார்கள்.

கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் எங்கள் வீட்டில் கோணேசன், செபஸ்தியாம்பிள்ளை அண்ணை, நான் என்று மூன்று பேர். கோணேசன் திருகோணமலைக்காரன். கொழும்பில் இருக்கும் மனைவி நிரஞ்சலாவை டென்மார்க்குக்குக் கூப்பிடுவதற்கு 1987 நவம்பரில் விண்ணப்பம் போட்டவன். ஒருவருடைய குடும்பம் வந்து சேர்ந்தால், அடுத்த ஞாயிறு சுற்றுவட்டாரத் தமிழர் எல்லாரும் அந்த வீட்டுக்குப் போவோம். வீட்டுக்காரர் ஒரு நல்ல போத்தல் உடைப்பார். அது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது.

"ஆக்கள் முகம் சுழிக்கிற சாமானை அவள் வந்த கையோடை மேசையிலை வைக்கேலாது மச்சான். ஒண்டை வாங்கி முதல் குடிச்சுப் பாப்பம்" என்றான் கோணேசன்.

(இதை அவன் சொன்னது வைலேயிலிருந்து திரும்பும்போது, காருக்குள். வீட்டுக்கு வந்தபின் யாரும் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. மூவருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்குத் திருப்பிச் சொல்வது? இந்த அடைப்புக்குறியை வாசகர் தாண்டிப் போய்விடக் கூடாது.)

3

செபஸ்தியாம்பிள்ளை அண்ணை மட்டக்களப்பில் மதுவரித் திணைக்களத்தில் கிளார்க்காக இருந்தவர். எந்தக் குடிவகையையும் பத்துக்கு இத்தனை என்றுதான் சொல்வார்.

"உடனே விழுங்காதையுங்கோ தம்பி. முதல் வாய் நாக்கை எழுப்பத்தான். ரெண்டாவது வாய்க்குத்தான் மார்க்."

மணந்து பார்த்தோம். முதலில் புளிப்பு, பிறகு கராம்பு, கடைசியில் சீவிய பலகை. ரை என்ற தானியத்தை நாங்கள் அறிந்தது அகதி முகாமில் தந்த கறுத்தப் பாணில்தான். கண்ணை மூடிக்கொண்டு ஜாமோடு விழுங்கிய பாண்.

"அண்ணை, இது அந்தப் பாணேதான். கரைச்சு வித்துப்போட்டாங்கள்" என்றான் கோணேசன்.

நாக்கு நுனியில் மிளகுக் காரம். எங்கள் சாராயத்தின் இனிப்பு மருந்துக்கும் இல்லை. ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டதும் மெல்லிய வனிலா வாசம் எழுந்தது. ஆனால் தொண்டைக்கு இறங்கமுன்னமே காணாமல் போனது. விலைக்குக் குறை சொல்ல முடியாது. வயதுதான் போதவில்லை.

"காரம் இருக்கு, கனம் இல்லை. இன்னும் நாலு வருசம் பீப்பாவிலை கிடந்திருந்தால் ஒன்பது குடுத்திருப்பன். ஏழு போடுங்கோ" என்றார் அண்ணை.

அப்போது ஒரு குரல் சொன்னது: "அப்ப நிரஞ்சலாவும் இன்னும் ரெண்டு வருசம் கொழும்பிலை ஊறட்டும். வந்தால் ருசி கூடும்."

எல்லாரும் சிரித்தோம். கோணேசன்தான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தான்.

(முதல் பிரதியில் இந்த வசனத்தை அண்ணையின் வாயில் வைத்திருந்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் மனிதர், அவருக்கு அது பொருந்தவில்லை. பிறகு நித்தியானந்தன் என்று ஒரு நாலாவது ஆளை உண்டாக்கி, அவன் தலையில் கட்டினேன். அப்படி ஒருவன் அங்கே இருக்கவில்லை. சொன்னவன் நான்.)

4

கோணேசன் நிரஞ்சலாவுக்குக் கடிதம் எழுதுவதில்லை, கசற்றில் பேசி அனுப்புவான். அன்றும் பேசிக்கொண்டிருந்தான். "நேற்று வைலேக்குப் போனனாங்கள்..." என்று தொடங்கும்போதே அண்ணை கிளாசுகளோடு வந்துவிட்டார். இவன் அறைக் கதவைத் திறந்தபடியே விட்டு எழுந்து வந்தான், ரெக்கோடரை நிற்பாட்ட மறந்துவிட்டான். கசற் முடியும்வரை ஓடி, தானே நின்றது. மார்க்கும் சிரிப்பும் அதில் பதிந்தன, காருக்குள் சொன்னது பதியவில்லை. தான் நிற்பாட்டிவிட்டுத்தான் எழுந்ததாக நினைத்து அதை உறையில் போட்டான். நான் தபாலில் சேர்த்தேன்.

போட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்களில் யாரும் கேட்பதில்லை. தனியறையில் இருந்து மனைவியோடு கொஞ்சிய தன் குரலைத் தானே கேட்க எங்களுக்கு வெட்கம்.

பதில் கடிதமாக வந்தது. கோணேசன் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"கசற் கிடைத்தது. போத்தலுக்குப் பத்துக்கு ஏழு, சந்தோசம். ஒரு வருசமாக எங்கே கேட்டாலும் கோப்பு இன்னும் பார்க்கப்படவில்லை என்கிறார்கள். நீங்கள் விண்ணப்பமே போடவில்லை என்று என் அண்ணா சொன்னபோது அவரோடு சண்டை பிடித்தேன். இனிப் பிடிக்க மாட்டேன். என்னை ஊறட்டும் என்று சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. சிரித்தவர் யாரென்று தெரியும்."

அதன்பிறகு அவன் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை.

5

போன மாதம், 1989 மார்ச்சில், டெனிஷ் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எங்களைப் போன்றவர்களின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்களாம். நான் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் எழுதினேன். கோணேசன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான்.

"இதை அவளுக்கு அனுப்படா. கோணேசன் விண்ணப்பம் போட்டவன்தான் எண்டு எழுது."

"நீ எழுதன்."

"நான் எழுதினால் பிரிக்கமாட்டாள். கதை எண்டால் அவள் கடைசிவரைக்கும் வாசிப்பாள். கதையா எழுது."

"சிரிச்சதை என்ன செய்யிறது?"

அவன் வந்து அகராதியை மூடி வைத்தான்.

6

கோணேசன் என்ற பாத்திரத்தில் எனக்கு இன்னமும் பிடிபடாத இடம் அந்தச் சிரிப்புத்தான். பத்திரிகைச் செய்தி விண்ணப்பத்துக்குச் சாட்சி. சிரிப்புக்கு அது சாட்சியாகாது.

கசற் நின்றபின் நடந்தது ஒன்று உண்டு. கோணேசன் குசினிக்குப் போனான். பைப்பைத் திறந்துவிட்டான். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. "அங்கே நின்று அவன் அழு..."

இல்லை. அழுதான் என்று எழுதினால் கதைக்கு நல்லது, அவனுக்கும் நல்லது. ஆனால் நான் எட்டிப் பார்க்கவில்லை. கிளாஸ் கழுவினானோ என்னவோ. அந்த நேரத்தில் அவனிடம் போகாமல் இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டு இருந்ததற்காக வெட்கப்படுகிறேன்.

7

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் நிரஞ்சலா விமானத்தால் இறங்குகிறாள். மற்றதில் இந்தத் தாள்களைக் கிழித்து அடுப்பில் போடுகிறாள். இரண்டையும் வெட்டிவிட்டேன். அவளிடம் கேட்காமலே அவளைப் பற்றி ஒரு வசனம் சொல்லி நான் பட்டது போதும்.

நிரஞ்சலா, இந்தக் கதைக்கு நீங்கள் ஒருவர்தான் வாசகர். ஊறட்டும் என்று சொன்னது நான், மன்னித்துக்கொள்ளுங்கள். கோணேசன் சிரித்தது உண்மை, அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் விண்ணப்பம் போட்டதும் உண்மை. இப்போது கோப்புகள் அசையத் தொடங்கியிருக்கின்றன. மனைவி இன்னமும் வர விரும்புகிறாரா என்று கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன்.

படிவத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று. கீழே மனைவியின் கையெழுத்துக்கு ஒரு வெறும் கோடு மட்டும் இருக்கிறது. அங்கே அவன் எழுத முடியாது, நானும் எழுத முடியாது.