சக்கரம் வைத்த பூனை

எங்கள் அலுவலகம் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு காபிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நாற்பது மொழிகளில் மொழிபெயர்த்துத் தருவோம் என்று வாசலில் பலகை. உள்ளே ஆறு பேர். மீதி மொழிகளை அனந்தபத்மநாபன் சார் பார்த்துக்கொள்கிறார். கடைசி செமஸ்டருக்கு இன்டர்ன்ஷிப் தேவைப்பட்டதால் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஃபைலைத் திறப்பது, மூடுவது, அனுப்புவது என் வேலை.

சார்தான் முதலாளி. 'சீஃப் லிங்விஸ்ட்' என்பது அவர் தனக்குத் தானே அச்சடித்துக்கொண்ட பதவி. அவருடைய டேனிஷ் ஒரு மொபைல் ஆப்பிலிருந்து வந்தது. அந்த ஆப்பில் முதல் பாடத்திலேயே பூனை வந்துவிடுகிறது. இரண்டாம் பாடத்துக்கு சார் போகவில்லை.

ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை டென்மார்க்கிலிருந்து கிரேன் வாங்கியது. கூரைக்குக் கீழே குறுக்கே ஒரு நீண்ட இரும்பு உத்தரம், அதன்மேல் இங்கும் அங்கும் ஓடும் ஒரு சிறிய வண்டி, வண்டியிலிருந்து தொங்கும் கொக்கி. அதன் கையேடு டேனிஷில் இருந்தது. ஆங்கிலமாக்கும் வேலை அனுஷாவுக்கு வந்தது.

அனுஷா ஆம்பூர்க்காரி. மெக்கானிக்கல் முடித்து, டென்மார்க்கில் மேல்படிப்பும் படித்துவிட்டு, எங்களிடம் ப்ரொபேஷனில் இருந்தாள். கையேடு முடிந்ததும் நிரந்தரமாக்குகிறேன் என்று சார் சொல்லியிருந்தார். அதை நம்பி பொம்மனஹள்ளியில் வீடு பிடித்து, அம்மாவை அழைத்து வந்திருந்தாள்.

அந்த ஓடும் வண்டிக்கு டேனிஷில் 'லோபெகாட்' என்று பெயர். பிரித்தால் ஓடும் பூனை. அதே வண்டியை ஆங்கிலத்தில் 'கிராப்' என்கிறார்கள், அதாவது நண்டு. அனுஷா கிராப் என்று எழுதினாள். சார் கூப்பிட்டார்.

"காட்னா என்னம்மா?"

"பூனை, சார்."

"நீ என்ன எழுதியிருக்க?"

"நண்டு, சார்."

சார் சாட்சிக்கு என்னைப் பார்த்தார். "பூனை எப்டிம்மா நண்டாகும்? வர்ற வழியில கடல்ல விழுந்துடுச்சா?"

"அது கிரேன் ட்ராலி சார். இங்கிலீஷ்ல கிராப்னுதான் சொல்வாங்க. ட்ராலின்னு போட்டாலும் சரிதான்."

"ட்ராலின்னா அவனே ட்ராலின்னு எழுதியிருப்பானே. டேனிஷ்காரன் என்ன ஹுச்சனா, பைத்தியமா?"

"சார், அந்தப் பூனைக்கு நாலு சக்கரம்னு போட்டிருக்கு."

"அதனாலதான் ஓடுது."

இதற்குமேல் மொழியியலில் பேச எதுவும் இல்லை என்பதால் சார் காபி சொன்னார்.

அன்று மாலை அவரே உட்கார்ந்து எல்லா நண்டுகளையும் பூனையாக்கினார். ஓரத்தில் ஒரு குறிப்பும் போட்டார்: "கடல் உணவு வேண்டாம்." மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் பக்கத்தை அனுஷாவிடம் நீட்டினார்.

"இதுல நான் போட மாட்டேன் சார்."

"உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல நான் போடணும். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

சார் தானே கையெழுத்துப் போட்டார், பெரிதாக. அனுஷாவின் ப்ரொபேஷன் நீண்டது. ஃபைலை நான் அனுப்பினேன். திருத்தங்களையும் ஓரக்குறிப்பையும் அழித்துவிட்டு அனுப்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்யும் வயது எனக்கு இன்னும் வரவில்லை.

தொழிற்சாலைக்காரர்கள் கையேட்டைப் படித்தார்கள் என்று சொன்னால் அது மிகை. ஆனால் கீழ்ப்படிந்தார்கள். 'ஓடும் பூனைக்கு அடியில் நிற்காதீர்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்தார்கள், பூனைப் படத்தோடு. பராமரிப்புப் பட்டியலில் 'பூனைக்கு கிரீஸ்' என்ற கட்டத்தில் வாரம் தவறாமல் டிக் விழுந்தது. தணிக்கைக்கு வந்தவர் அந்த ஒழுங்கைப் பாராட்டிவிட்டுப் போனார். எந்தப் பூனை என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிரீஸ் காணாத வண்டி ஒருநாள் உத்தரத்தின் நடுவில் கிறீச்சிட்டு நின்றது. டென்மார்க்கிலிருந்து இன்ஜினீயர் வந்தார். பலகையைப் படம் பிடித்தார். எங்கள் ஃபைலைத் திறந்தார். பிறகு ஆங்கிலத்தில் ஒரு மெயில் போட்டார்: "நண்டு என்று எழுதியது யார், பூனையாக்கியது யார்? எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இனி நண்டு எழுதியவரோடு மட்டுமே பேசுவோம்."

எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் கம்பெனி பெயரில்தான் இயங்கும்; எந்தத் திருத்தம் யாருடையது என்று ஃபைலில் தெரியாது. அதனால் சாருக்கு ஒரு வழி தெரிந்தது.

"பாரும்மா, மொழிபெயர்ப்பாளர்னு கையெழுத்துப் போட்டது நான். அதனால நண்டு என்னோடதுன்னு இருக்கட்டும். பூனை உன்னோடது. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டேன்னு எழுதிட்டா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." மேஜைமேல் அவளுடைய நிரந்தர ஆணை இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

அனுஷா அதை நிதானமாகப் படித்தாள். "மெயில டேனிஷ்லயே எழுதிடறேன் சார். அவங்களுக்கு மரியாதையா இருக்கும்."

"கரெக்ட். அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு."

இரண்டு வரி எழுதிக் காட்டினாள். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் தேடினார். காட் என்ற சொல் கிடைத்ததும் அதன்மேல் விரலை வைத்தார். "வந்துடுச்சு பார் பூனை. வெரி குட். அனுப்பு."

அனுப்பினாள். அவர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது கேட்டேன். "என்னக்கா எழுதினீங்க?"

"பூனை சாரோடது. நண்டு என்னோடது."

மறுநாள் பதில் வந்தது, டேனிஷில். இனி எல்லா வேலையும் அனுஷாவின் பெயருக்கே வரும், பூனைக்காரரை எங்கள் கையேட்டின் பக்கம் விடாதீர்கள் என்று இருந்ததாக அவள் பிறகு சொன்னாள். சாரும் படித்தார். காட் என்ற சொல் அதிலும் இருந்தது.

"பாராட்டிருக்கான்" என்று சொல்லி, அந்த மெயிலை அச்சடித்து, தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டப் போனார்.

"லேமினேட் பண்ணிடலாம் சார்" என்றாள் அனுஷா. "கலர் போகாது."