டிராலி பாதையில் வந்த சுடலை

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு அப்போது இரண்டு வழி. ஒன்று தார்ரோடு. சீசன் வந்துவிட்டால் அதில் பஸ், மாட்டுவண்டி, தலையில் எண்ணெய் வழியக் குளிக்கப் போகிற கூட்டம். சைக்கிளில் ஆடி மாதம் கிளம்பியவன் புரட்டாசியில்தான் போய்ச் சேருவான். இன்னொன்று டிராலி பாதை. காட்டு மரம் இறக்க வெள்ளைக்காரன் மண்மேடு போட்டு, வாய்க்கால்களுக்குக் கல்பாலம் கட்டி, தண்டவாளம் பதித்திருந்தான். யுத்தத்தின்போது இரும்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மேட்டைப் பிடுங்க முடியவில்லை. நாங்கள் சைக்கிள்காரர்கள் சக்கரத்தாலேயே தேய்த்து அதைக் கண்ணாடியாக்கி வைத்திருந்தோம். குனிந்து பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். ரயிலுக்குப் போட்ட மேடு அல்லவா, ஏற்றமே தெரியாது. திரும்பும்போது மேல்காற்று தள்ளிக்கொண்டு வரும். ஒருதடவை நான் தூங்கிக்கொண்டே தென்காசி வந்திருக்கிறேன்.

மந்திரமூர்த்திக்கு அந்தப் பாதைதான் சோறு. வாழையிலைக் கட்டுகளைக் கேரியரில் ஆள் உயரம் அடுக்கி, சீசன் முழுக்கக் குற்றாலத்துச் சாப்பாட்டுக் கிளப்புக்குக் கொண்டுபோவான். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு வாழைத்தோப்பு சைக்கிள் மிதிப்பது போலிருக்கும். அருவியில் குளித்து வருகிறவனுக்கு வருவது சாதாரணப் பசி இல்லை. முதல் பந்திக்கு இலை வராவிட்டால் மேஜையைத் தின்றுவிடுவான். அதனால் கிளப் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார், இலை பிந்தினால் சுரண்டை ஆளிடம் வாங்கிக்கொள்வேன் என்று.

1958. சாரல் தொடங்கிய சமயம். பாதையின் நடுவே முள் கிடந்தது. இருபக்கமும் வயல் வைத்திருந்த நல்லதம்பி அண்ணாச்சி போட்ட முள். மேட்டை வெட்டிச் சமப்படுத்தி வயலோடு சேர்த்துக்கொள்ள அவருக்கு ஆசை. முள்ளைத் தூக்கி வாய்க்காலில் போட்டோம். மறுபடி போட்டார், மறுபடி தூக்கினோம். அடுத்து அவர் போட்டது முள் இல்லை, சாமி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் பாதை நடுவில் செங்கல் பீடம், மேலே மஞ்சணைப் பூச்சு, கழுத்தில் அரளி மாலை. பக்கத்தில் நல்லதம்பி அண்ணாச்சி, நெற்றி நிறைய விபூதி.

"சுடலைமாடன் கனவுல வந்து இங்கன இடம் கேட்டாரு. இனி எவனும் சக்கரத்த உருட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வரப்பிடாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிள் டைனமோ விளக்கு தானாக எரிந்தது. வேலி காக்கச் சாமியையா ஆள் பிடிப்பான் ஒரு மனுஷன்? ஆனாலும் சுடலை என்றதும் எங்களில் ஒருத்தனுக்கும் தாண்டிப்போகத் துணிச்சல் இல்லை. இறங்கி, உருட்டிக்கொண்டு திரும்பினோம்.

அன்று மந்திரமூர்த்தி தார்ரோட்டில் போனான். பஸ் உரசி இலை கிழிந்தது, பந்தியும் முடிந்திருந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வரவே வேண்டாம் என்றுவிட்டார் முதலாளி. திரும்பி வந்தவன் முகத்தில் அப்பளம் பொரித்திருக்கலாம். கடப்பாரையைத் தூக்கினான்.

"ஏலே, சாமிலே!" என்று பாய்ந்து பிடித்தோம்.

கடப்பாரையைக் கீழே போட்டான். "சாமின்னா, சாமிக்கு உண்டானதச் செய்யணும்லா? வாங்கலே."

நேரே நல்லதம்பி அண்ணாச்சி வீட்டு வாசல்.

"அண்ணாச்சி, சுடலைய வரவச்சிட்டுச் சும்மா இருந்தா எப்படி? கொடை எப்பம்?"

சாமிக்குத் திருவிழா எடுத்துக் கொடை கொடுக்கிற பெரியமனுஷன் என்ற பெயர் யாருக்குக் கசக்கும்? அண்ணாச்சி மீசைக்குள் சிரித்து, "ஜமாய்ச்சிருவோம்" என்றார். நாள் குறிக்கக் கடையத்திலிருந்து சாமியாடி நம்பிராஜனை அவரே வரவழைத்தார்.

நம்பிராஜன் பீடத்தைச் சுற்றி வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "வேட்டைக்கு எந்தப் பாதை?"

கொடையன்று சுடலை வேட்டைக்குப் போவார். சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாடு வரை ஓடித் திரும்புவார். அந்த வழியில் வேலி கூடாது, உழவு கூடாது. எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. வயல் ஆசையில் அண்ணாச்சிக்கு மட்டும் அது மறந்துபோயிருந்தது.

மந்திரமூர்த்தி முந்திக்கொண்டான். "இந்த மேடுதான். நேரா ஆத்தங்கரைச் சுடுகாட்ட ஒட்டித்தான் போகுது. இத வெட்டிட்டா, அண்ணாச்சி நாத்த மிதிச்சுக்கிட்டுதான் சாமி போகணும்."

"வேட்டையெல்லாம் வேண்டாமே..." என்று இழுத்தார் அண்ணாச்சி.

நம்பிராஜன் கண் சிவந்தது. "என்னவே சொல்லுதீரு? கூப்பிட்டு வச்சுப் பட்டினி போடுதீரா?"

சுற்றி நின்ற ஊரே மூச்சை அடக்கியது. குற்றாலத்தில் அருவிகூட விழாமல் நின்றிருக்கும். அண்ணாச்சி வியர்வையில் ஒரு போகம் விளைந்திருக்கும்.

"மேட்டுலயே... போகட்டும்."

"அப்பம் சாமி அவரு பாதையிலயே குறுக்க உக்காரலாமா? ஓரத்துல எடுத்து வையும். முன்னால பொங்கலிட, பந்தல் போட இடம் விடும்" என்றார் நம்பிராஜன்.

ஓரம் என்றால் அண்ணாச்சியின் முதல்தர நஞ்சை. அவர் விட்ட பெருமூச்சில் செங்கோட்டை வரை நாற்று சாய்ந்தது.

பீடம் நகர்ந்த மறுநாள் விடிந்ததும் இலைக்கட்டோடு மந்திரமூர்த்தி முன்னே போனான், நாங்கள் பின்னே. பீடத்தருகே இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். வரப்பில் நின்ற நல்லதம்பி அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"என்னலே, கடப்பாரை தூக்குன பய, இப்பம் கும்பிடுத?"

"சாமி என்ன செஞ்சாரு அண்ணாச்சி? கோவமெல்லாம் கொண்டுவந்து நட்ட ஆளு மேலதான். அது இந்தச் சென்மத்துல தீராது."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தான். முதல் பந்திக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.