இரண்டு விரல் நீளம்

துப்பாக்கிக் கடைக்கு வந்தும், துப்பாக்கியைத் தொட மனம் வராமல் அவர் நின்றுகொண்டிருந்தார். எட்டு வருஷம் வங்கி வாசலில் காவல் காத்தவர். ஆள் குள்ளம். அதனால் வங்கியில் அவருக்கு அரைப்படி என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்புவார். உள்ளே சுருக்கென்று தைப்பதை ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

அந்த வேலை போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு மதியம் கைத்துப்பாக்கியோடு உள்ளே புகுந்த ஒருவன், காசாளர் அம்மாவைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஓடினான். அரைப்படி தன் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தவே இல்லை. விசாரணையில் ‘பயத்தில் உறைந்து நின்றார்’ என்று எழுதினார்கள். கை எழும்பவில்லை என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. நாலு பேர் பயம் என்றதும், பயம்தான் போலிருக்கிறது என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்திருக்கிறது. சொந்தத் துப்பாக்கியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். உரிமத்துக்காக நடையாய் நடந்தவன் மனைவியின் தம்பி. அவனேதான் கடைக்கும் இழுத்து வந்திருந்தான். இனியும் ஒருமுறை கை எழும்பாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் வழியெல்லாம் அரைப்படியின் நினைப்பு.

“ஏதா இருந்தா என்ன, ஒண்ணைக் குடுங்க,” என்றார்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “செருப்பு வாங்கும்போதும் இப்படித்தான் கேப்பீங்களா?”

“நல்லாக் கேளுங்க,” என்றான் மைத்துனன். “மாமா கல்யாணத்துக்கே அளவு குடுக்காமத்தான் சட்டை தச்சாரு. அதுக்குள்ள நானும் கூட நுழைஞ்சுக்கலாம்.”

“முன்னாடி எது வச்சிருந்தீங்க?”

“வங்கியோட இரட்டைக்குழல். ஆள் மாறினாலும் துப்பாக்கி மாறாது. எனக்கு முன்னாடி இருந்தவர் ஆறடி.”

கடைக்காரர் அதே ரகத்தில் ஒன்றை எடுத்தார். குழலை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று இருவருக்கும் காட்டினார். “கண்ணை மூடிக்கிட்டு, வழக்கமா எடுக்குற மாதிரி தோள்ல வைங்க. அப்புறம் கண்ணைத் திறங்க. குழல் நுனி நேரா தெரிஞ்சா அது உங்க துப்பாக்கி.”

அரைப்படியின் உடம்பில் பழைய காவல் கோட்டுதான் இருந்தது. கண்ணை மூடினார். தூக்கினார். பாதி தூரத்தில் துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டை அக்குளுக்குக் கீழே துணியில் மாட்டி நின்றது. கை அதற்கு மேல் எழும்பவில்லை. அவருக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றது.

“உங்க கைக்கு இந்தக் கட்டை ரெண்டு விரல் நீளம் அதிகம்,” என்றார் கடைக்காரர். “முன்னால தள்ளிட்டு அப்புறம் தூக்கணும். அவசரத்துல யாருக்கு அது ஞாபகம் வரும்?”

அரைப்படி அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். மைத்துனனுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

“அப்போ அன்னிக்குப் பயம் இல்லையா மாமா? கட்டை மாட்டிக்கிச்சா? ரெண்டு வருஷமா அக்கா தெருவுல தலை நிமிந்து நடக்கல. இன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“சொல்லாத மாப்ள.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது தினமும் மாட்டும். அன்னிக்கும் அதுதான்னு இப்பத்தான் உறைக்குது. எட்டு வருஷமாத் தெரியும். வருஷா வருஷம் ஒரு படிவம் வரும், ஆயுதம் கைக்குப் பொருந்துதான்னு. பொருந்துதுன்னு எட்டுத் தடவை எழுதிக் குடுத்தேன்.”

“ஏன் மாமா?”

“துப்பாக்கி நீளமில்ல, நீதான் குட்டைன்னு சிரிப்பாங்கன்னு. பயந்தேன்தான். சுட்டவனுக்கில்ல, வங்கியில இருக்கிறவங்க சிரிப்புக்கு.”

கடைக்காரர் இன்னும் மூன்றை எடுத்துத் தந்தார். மூன்றாவது, கட்டை குறுகியது, பிடியும் மெலிந்தது. கண்ணைத் திறந்தபோது குழல் நுனி நேரே நின்றது. உள்ளங்கையில் உறுத்தல் இல்லை. இத்தனை சுலபமா என்று நினைத்ததும் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காசாளர் அம்மா பிழைத்திருக்கக்கூடும்.

துப்பாக்கிக்கு முன்பணம் கொடுத்து எடுத்து வைக்கச் சொன்னார். மைத்துனனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வருஷமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த தெருவுக்குள் நேராக நடந்தார். வங்கி வாசலில் புதுக் காவலாளி நின்றிருந்தார். ஒல்லியான சின்ன உடம்பு, நாற்பது வயதிருக்கும். தோளில் அதே துப்பாக்கி.

“தூக்கும்போது அக்குள்ல மாட்டுதா?” என்று அரைப்படி கேட்டார்.

காவலாளி ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார். “அப்பப்போ மாட்டும் சார். முன்னால தள்ளிட்டுத் தூக்கினா சரியாயிடும். உள்ள சொல்லிடாதீங்க.”

அரைப்படி உள்ளே போனார். காசாளர் கூண்டில் வேறு யாரோ இருந்தார்கள். பழைய ஆட்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரை இடித்தார். அரைப்படி மேலாளர் அறைக் கதவைத் தட்டினார்.

“அரைப்படி வந்திருக்கேன் சார். பத்து வருஷம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது ஒண்ணு இருக்கு.”