மெஷின் சத்தத்தில் தூங்கும் பொத்தான்

தையல்காரியின் நாய் பொத்தானுக்குத் தையல் மெஷின் சத்தம்தான் தாலாட்டு. சத்தம் நின்றால் தானாக விழித்து அவள் முகத்தைப் பார்க்கும். ஆனால் தூக்கத்தில் யாராவது தொட்டுவிட்டால், ஆள் யாரென்று பாராமல் கடித்துவிடும். போன மாதம்தான் அவள் கணவரின் கையைப் பதம் பார்த்திருந்தது.

அன்று மதியம் தைத்துக்கொண்டே நிமிர்ந்தவளுக்குப் பகீரென்றது. தங்கையின் குழந்தை தவழ்ந்துபோய்ப் பொத்தானின் முகத்தருகே உட்கார்ந்திருந்தது. நாய்க்கு ஏதோ கனவு போலும்; கால்கள் உதறின, உதடு துடித்தது. குழந்தை சிரித்துக்கொண்டே அதன் மூக்கைப் பிடிக்கக் கை நீட்டியது.

"ஐயோ, அக்கா!" வாசலில் நின்ற தங்கை பாயப் பார்த்தாள்.

"கத்தாதடி. அசையாம நில்லு."

எழுந்து ஓட நேரமில்லை. தையல்காரி மிதிப்பதை நிறுத்தினாள்.

அறையில் சத்தம் அடங்கியது. விரலுக்கும் மூக்குக்கும் நூலிழைதான் இடைவெளி. பொத்தான் கண்ணைத் திறந்து முதலில் அவளைத் தேடியது. பிறகு குழந்தையைப் பார்த்து, வாலைத் தரையில் தட்டி, அந்தப் பிஞ்சு விரலை நக்கியது.

"எனக்கு உயிரே போயிடுச்சுக்கா!"

"எனக்கு மட்டும் இருந்துச்சா? முதல்ல பிள்ளையத் தூக்கு. பொத்தான் துரை மறுபடி தூங்கணும்னா நான் மிதிக்கணும். காலு ரெண்டும் நடுங்குதே!"