உட்கார்ந்தால் தெரியாத வளைவு

1
ஒரு மலைவீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தேன். பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய ஜன்னல். ஆனால் நெஞ்சு உயரத்தில்தான் தொடங்கியது. உட்கார்ந்தால் வானமும் எதிர்மலையும் மட்டும் தெரியும். ஏன் இப்படி என்று வீட்டுக்காரரிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் காரணம் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது.

2
'மலையின் மடியில் அந்த வீடு உறங்கிக்கொண்டி—'

வேண்டாம், இப்படித் தொடங்கக் கூடாது. அந்த வீட்டில் யாருக்கும் சரியான உறக்கம் கிடையாது.

என் கதையில் அங்கே ஒரு அம்மா, அவளுக்கு ஒரு மகள். மகள் வீடுகளுக்கு வரைபடம் போடுபவள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் வைத்துக் கொடுத்தவள். அவளுடைய அம்மா மட்டும் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். கண்ணும் மங்கி வந்தது. தடுக்கி விழவும் செய்தாள். பள்ளத்தாக்குப் பக்கச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தால் வெளிச்சம் வரும், அம்மா இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகவேண்டும். அதற்கு அம்மா செத்தாலும் சம்மதிக்க மாட்டாள்.

3
மகளுக்கு ஒரு வழக்கம். சுவரை உடைக்குமுன் வரப்போகும் ஜன்னலைச் சாக்பீஸால் வரைந்து, வீட்டுக்காரர்களைச் சில நாள் அதோடு வாழவிடுவாள். இங்கும் தரையிலிருந்து கூரைவரை வரைந்தாள். காலையில் பார்த்தால் அடிக்கோடு அழிந்திருந்தது. நெஞ்சு உயரத்தில், கோணலாக, வேறொரு கோடு. மகள் அதை அழித்துத் தன் கோட்டைப் போட்டாள். மறுநாளும் அதே கதை. மாமியார் மருமகள் சண்டைகூட முடிந்துவிடும், இது முடியாது போலிருக்கிறதே என்றார் கொத்தனார்.

[முதலில் அம்மாவைப் பிடிவாதக்காரியாக எழுதினேன். தப்பு. அவள் பயந்திருக்கிறாள்.]

"பாதி ஜன்னலை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?"

"இங்க முன்ன இதே உயரத்துல ஜன்னல் இருந்துச்சு. உக்காந்தா மலை. எழுந்து நின்னா ரோட்டு வளைவு தெரியும். உங்கப்பா வண்டி அங்கதான் உருண்டுச்சு. நான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."*

மகள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள்.

(*குளிர்காற்றுக்காக அந்த ஜன்னலை அடைத்ததாகச் சின்ன வயதில் மகளிடம் சொல்லியிருந்தார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காற்றின் திசை பார்ப்பவள், இங்கே மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பக்கமிருந்து காற்றே வருவதில்லை.)

4
நான் யோசித்த ஒரு முடிவில் அம்மா எழுந்து வளைவைப் பார்க்கிறாள், அழுகிறாள், மனம் ஆறுகிறது. அவ்வளவு சுலபமாக ஆறுமென்றால் சுவர் எதற்கு? இன்னொன்றில் அடுக்குமாடிக்குப் போய்விடுகிறாள். அதை எழுதினால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

என்னால் இதுவரைதான் வர முடிந்தது: அம்மாவின் கோட்டின்படியே சுவரை உடைத்தார்கள். வெயில் அவள் மடிவரை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மலையைப் பார்த்தாள். பிறகு மகளிடம் சொன்னாள்:

"நீ எழுந்து பாரு. அங்க இப்ப என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லு."

அப்பாவைப் பறிகொடுத்தவள் மகளும்தான். எழுந்து வளைவைப் பார்த்தாள். அவள் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தேடித் தோற்றுவிட்டேன்.

நீங்கள் அவள் பக்கத்தில் நிற்கிறீர்கள். உங்களுக்கும் வளைவு தெரிகிறது. சொல்லுங்கள், அம்மா காத்திருக்கிறாள்.