கூறைச் சேலையால் கட்டிய புகைபோக்கி

ஆறு வருடத்துக்கு முன் டிசம்பரில் புயல் அடித்த அன்று நான் கூரையில் ஏறி, ராசமலரின் கூறைச் சேலையால் எங்கள் புகைபோக்கியைச் சுற்றிக் கட்டி, மறுமுனையை இடுப்பில் முடிந்துகொண்டு ஐந்து மணித்தியாலம் நின்றேன். சேலை கிழியவில்லை, காஞ்சிபுரம். டென்மார்க்கின் இந்த ஹேர்னிங் நகரில் இதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் கிடையாது. நம்பிய குடும்பமும் கிடையாது, அது வேறு விஷயம். என் மனைவியே நம்பவில்லை.

இந்த ஒக்டோபரில் புகைபோக்கி துடைக்க வந்தவர் அதன் அடியில் கரி அள்ளும் சின்னக் கதவைத் திறந்ததும் ஒரு வாளி மணல் கொட்டியது. இனி நெருப்பு மூட்டக் கூடாது என்று எழுதித் தந்துவிட்டுப் போனார். உறைபனி தொடங்குமுன் கூரைக்கு மேலே உள்ளதைத் திரும்பக் கட்ட வேண்டும், அல்லது கூரை மட்டத்தோடு இறக்கி மூடிவிட வேண்டும். ராசமலர் மூடச் சொன்னாள். அவளுடைய கட்டில் அதற்கு நேர் கீழே. எனக்கோ தைப்பொங்கலுக்கு அந்தக் கணப்படுப்பில்தான் பானை வைக்க வேண்டும். வெளியே வைத்தால் பால் பொங்காது, உறையும். தவிர, என் கதைக்கு வேறு சாட்சி இல்லை.

மேசன் கிர்ஸ்டன் சாரம் கட்டி ஏறினாள். பின்னாலேயே நானும் ஏறினேன். கீழ் நாலு வரியில் பூசியிருந்த சீமெந்தை உளியால் தொட்டாள். முட்டைக்கோது மாதிரிக் கழன்றது, செங்கல்லின் முகத்தையும் கூட்டிக்கொண்டு. பழைய கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் சரி, சீமெந்து தண்ணீரை உள்ளே பூட்டி வைக்கும், அது உறைந்து கல்லை உடைக்கும் என்றாள். யார் பூசியது என்றும் கேட்டாள்.

"முந்தி இருந்த வீட்டுக்காரன்," என்றேன்.

"இவர்தான்," என்றாள் தோட்டத்தில் நின்ற ராசமலர், டேனிஷில். முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து வருடம் வேலை செய்து, காது கேளாதவர்களோடு கதைத்த டேனிஷ், கூரைக்கும் கேட்கும்.

கிர்ஸ்டன் உச்சிக்குப் போய் ஒரு கல்லில் கை வைத்தாள். வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. சுத்தியல் தேவைப்படவில்லை. நூறு வருடப் புகையும் மழையும் சாந்தைத் தின்று, இடையில் மணல்தான் மிச்சம். அதுவும் காற்றில் பறந்தது. பதினாறு வரி கல், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், ஒன்றின் மேல் ஒன்று சும்மா நின்றிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். சொல்ல ஒரு பொய்கூட வரவில்லை.

"இஞ்சேரும், ஒருக்கா மேல வந்து பாரும்," என்று ராசமலரைக் கூப்பிட்டேன்.

"உங்கட கதைக்கு ஏணி ஏற எனக்கென்ன விசரோ?"

நான் இன்னொரு கல்லை ஒற்றைக் கையால் எடுத்து உயர்த்திக் காட்டினேன். அதுதான் அவளைப் பயப்படுத்தியிருக்க வேண்டும். ஏறி வந்தாள்.

வந்தவள் ஒரு கல்லைத் தூக்கினாள். தட்டிலிருந்து பாண் துண்டு எடுப்பது போல வந்தது.

"இதுக்குக் கீழயோ நான் இவ்வளவு காலமும் படுத்தனான்?"

"ஓம்."

ஆறு வருடத்துக்கு முந்திய அந்தப் புயலில் பக்கத்துப் பண்ணையின் மரங்களே சரிந்தன, இது எப்படி நின்றது என்று தனக்கு விளங்கவில்லை என்றாள் கிர்ஸ்டன். பிறகு கற்களைத் தட்டிப் பார்த்தாள், முக்கால்வாசி கணீரென்றன. கட்டுவதென்றால் நல்ல கற்களை இந்தத் தண்ணீர் வாளியில் ஊறப் போட வேண்டும், மூடுவதென்றால் கீழே எறியலாம், எது என்று கேட்டாள்.

ராசமலர் என்னைப் பார்த்தாள். நான் ஓடுகளைப் பார்த்தேன்.

"அந்தப் புயலில இதை இவர்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்," என்றாள் கிர்ஸ்டனிடம், டேனிஷில், சிரிக்காமல். "என்ர கூறைச் சேலையால."

கையிலிருந்த கல்லை மெதுவாக வாளிக்குள் இறக்கினாள். கல்லிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அவை வந்துகொண்டே இருந்தன.