கறுப்பி நின்ற விளிம்பு

"இந்தப் பாறையில பார்க்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று ஏதென்சிலிருந்து வந்த ஒரு பெண் படகை விட்டு இறங்கும்போதே என்னிடம் கேட்டாள். எனக்கு முகம்தான் சிவந்தது, வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் கலிரோய் அத்தையைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

கிரீட்டின் தென்கரையில், சாலை வந்து சேராத எங்கள் பக்கத்தில், மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. ஒரு வசந்தத்தில் அத்தையின் வெள்ளாடு கறுப்பி ஏதோ தழைக்கு ஆசைப்பட்டு, செங்குத்துப் பாறையின் நடுவே ஒரு விளிம்பில் குதித்துவிட்டது. திரும்பி ஏற வழியில்லை. அதன் கழுத்து மணியைக் கேட்டுத்தான் மந்தையே நடக்கும்.

இப்படிச் சிக்கிய ஆட்டை எங்கள் ஊரில் உடனே மீட்க மாட்டார்கள். தெம்புள்ள ஆடு ஆளைக் கண்டதும் மிரண்டு கடலில் பாய்ந்துவிடும். பட்டினியில் அது துவளும்வரை காத்திருக்க வேண்டும். அத்தை தினமும் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்து ஆட்டுக்கிடைக்காரர் மனூசோஸ் மீசையை முறுக்கினார். "எதுக்கு இந்தக் கூத்து? துப்பாக்கியால ஒண்ணு போட்டா முடிஞ்சுது. கறியாவது மிஞ்சும்."

"கறி கடல்லதான் விழும். நீ குதிச்சு எடுப்பியா?"

"உனக்காகக் கடல்லயும் குதிப்பேன், கலிரோய்."

"முதல்ல குளிக்கறதுக்குக் குதி."

நாலைந்து நாள் கழித்து அத்தை இடுப்பில் கயிறு கட்டினாள். மறுமுனையைப் பாறையில் சுற்றி மனூசோஸ் பிடித்துக்கொண்டார். நான் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். கழுகுகள் எனக்குக் கீழே பறந்தன. அவற்றுக்கும் கீழே, சுவரில் ஊர்கிற பல்லி மாதிரி, அத்தை பதறாமல் இறங்கினாள்.

அவள் கால் விளிம்பைத் தொட்டபோது கறுப்பி துவண்டு கிடக்கவில்லை. கொம்பைத் தாழ்த்திப் பின்வாங்கியது. சுற்றிலும் கடித்துப்போட்ட ஆலிவ் தழைகள்.

"மனூசோஸ்! இதுக்கு யார் தழை போட்டது?"

கயிறு மட்டும் ஒருமுறை அதிர்ந்தது.

"எந்தப் புண்ணியவானோ என்னைக் கொல்லப் பார்த்திருக்கான்!"

இன்னும் ஓரடி பின்வாங்கினால் ஆடு போய்விடும். அத்தை அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்தரத்தில் காலைத் தொங்கவிட்டு, தன் வீட்டு முற்றத்தில் இருப்பவள் போல, மிச்சமிருந்த ஒரு தழையைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். திரும்பவே இல்லை.

வெகுநேரம் கழித்து மணி ஒலித்தது. கறுப்பி அவள் தோள்மேல் முகத்தை நீட்டித் தழையை இழுத்தது. அத்தையின் கை மெதுவாக அதன் முன்னங்காலைச் சுற்றியது.

ஆட்டை முதலில் தூக்கினோம், பிறகு அத்தையை. மனூசோஸின் உள்ளங்கைகள் கயிற்றில் உரிந்து சிவந்திருந்தன. கட்டை அவிழ்த்ததும் கறுப்பி நேராக அவரிடம் போய், தோள்பைக்குள் மூக்கை நுழைத்து ஓர் ஆலிவ் கிளையை வெளியே இழுத்தது.

அத்தை இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஓஹோ! துப்பாக்கி இதுக்குள்ளதான் இருக்கா?"

மனூசோஸ் கழுத்துவரை சிவந்தார். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.